கோரையா, லாலாங்கா, அருகா? காய்கறி நிலத்தின் பிடிவாதக் களைக்கு எந்த வழி?

மூலை வீட்டின் பக்கவாட்டு நிலம், பின்பக்கச் சாக்கடை ஓரம் வரை நீளும் துண்டு, கோயில் வளாகத்தில் ஒதுக்கிக் கொடுத்த நாலு பாத்தி. மலேசியாவின் பினாங்கில் நம்மவர்கள் காய்கறி போடும் இடங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் பக்கம் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கும். தீவுக்குள் ஆயர் ஈத்தாமிலோ ஜெலுத்தோங்கிலோ பத்துக்குப் பத்து அடி கிடைத்தாலே பெரிய விஷயம். ஆனால் இடம் எவ்வளவு சிறியதானாலும், பிடுங்கப் பிடுங்க வரும் களை ஆளைச் சோர்ந்துபோக வைத்துவிடுகிறது. ஆசையாக வெண்டையும் கத்தரியும் வைத்துவிட்டு, களையோடு மல்லுக்கட்ட முடியாமல் நிலத்தையே கைவிட்டவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. ஏனென்றால் அவர்களில் பலர் பட்ட பாடு குறைவல்ல. அந்தக் களைக்குப் பொருந்தாத வழியில் பாடுபட்டார்கள், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தோண்டி எடு, மருந்து அடி, பிளாஸ்டிக் விரி, அட்டை போடு, சர்க்கரைவள்ளி நடு. இவை எல்லாமே ஏதாவது ஒரு களைக்குப் பலிக்கும். வேறொரு களைக்கு அதே வழி விருந்து வைத்தது போல் ஆகிவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சாப்பாட்டுக்கு விளைவிக்கும் சிறு நிலத்தில் வெளிச்சத்தை மறைத்துக் களையைப் பட்டினி போடுவதே முதல் வழி. தோண்டுவதை அருகம்புல்லுக்கும் சின்ன லாலாங் புல் திட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து பாத்திக்குள் வேண்டாம். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் எந்தக் களை என்று பாருங்கள்

ஆண்டுக்கணக்கில் வாழும் களைகளின் உயிர் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. இலை சம்பாதிக்கும், கிழங்கோ அடித்தண்டோ அதைச் சேர்த்து வைக்கும். மேலே எத்தனை முறை வெட்டினாலும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்து மறுபடி இலை விடும். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்து சில மாதங்கள் களையை அடக்கி வைக்கும். பினாங்கில் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 30 செல்சியஸைத் தாண்டுகிறது, மழையும் உண்டு. இங்கே களைக்கு ஓய்வு என்பதே கிடையாது. அதனால் குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் கால அட்டவணையை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது.

நம் பக்கம் தொல்லை கொடுப்பவை முக்கியமாக மூன்று. முக்கோணத் தண்டும், பளபளக்கும் கரும்பச்சை இலையும், செம்பழுப்புப் பூவும் இருந்தால் அது கோரை. இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும். மண்ணுக்குள் கடலைப் பருமனில் கருத்த கிழங்குகள், நூல் போன்ற தண்டில் கோத்த மாதிரி வரிசையாகக் கிடக்கும். பாட்டிமார் குளியல் பொடியில் சேர்த்து அரைக்கும் கோரைக்கிழங்கு இதுதான், வாசனை நன்றாகவே இருக்கும். இடுப்புயரம் வளர்ந்து, ஓரம் கையைக் கிழித்து, வெள்ளைப் பஞ்சாகப் பூத்தால் அது லாலாங். அதன் அடித்தண்டு வெள்ளையாக, நுனி ஊசிபோல் கூராக இருக்கும். பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறக்குறைய 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள் ஓடும். மூன்றாவது நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல். தரைக்கு மேலும் ஓடும், கீழும் ஓடும், கணுவுக்குக் கணு வேர்விடும்.

இவை தவிர, வேலி ஓரத்திலிருந்து ஏறிவரும் கொடிகள் உண்டு. மலாய்க்காரர்கள் செலாபுட் துங்குல் என்று சொல்லும் இதயவடிவ இலைக்கொடி, அப்புறம் ரும்புட் இஸ்ரேல் என்று சொல்லும் வெள்ளைப் பூச்செடி. இரண்டுமே வெட்டிப் போட்ட துண்டிலிருந்து வேர்விடும். ஆனால் அடியில் பெரிய சேமிப்பு இல்லாததால் பிடுங்கி, வெயிலில் காயவைத்து, சில வாரங்கள் விடாமல் கண்காணித்தால் அடங்கிவிடும். இவற்றுக்காகப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை.

தோண்டி எடுப்பது

செலவில்லாத வழி, உடனே பலன் தெரியும் வழி. அதனால்தான் எல்லாரும் இதில் தொடங்குகிறார்கள். அருகம்புல்லுக்கு இது நன்றாகவே பொருந்தும். மண்வெட்டியால் கொத்தினால் தண்டு துண்டுதுண்டாகி ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். நான்கு இரும்புப் பல் வைத்த ஃபோர்க்கால் மண்ணைக் கிளப்பி, உதறி, தண்டை நீளமாக உருவி எடுக்க வேண்டும். ஒரு சதுர அடியை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. மேலோட்டமாக எல்லா இடத்தையும் கிளறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

லாலாங்கும் மேல்மண்ணில் ஓடுவதால் சின்னத் திட்டாக இருந்தால் தோண்டலாம். ஒரு கட்டிலளவு இடம் என்றால் சரி. அதற்கு மேல் போனால் உடம்பு தாங்காது. சிலர் கைடிராக்டர் வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் உழுதுவிடுகிறார்கள். மண் பொலபொலவென்று அழகாகத் தெரியும். ஆனால் உள்ளே லாலாங் தண்டு நூறு துண்டாகியிருக்கும். வறண்ட காலத்தில் திரும்பத் திரும்ப உழுது, மேலே வந்த தண்டைக் காயவிட்டால் மட்டுமே அது பலிக்கும். ஒரு தடவை உழுதுவிட்டு மழையில் விட்டால் நட்டுவைத்த மாதிரி.

கோரைக்கோ தோண்டுவது பெரும்பாலும் தீங்குதான். வரிசையாகக் கோத்த கிழங்குகளில் முன்னால் முளைத்தது மற்றவற்றை உறங்க வைத்திருக்கும். இடையில் தண்டு அறுந்ததும் அந்தக் கட்டுப்பாடு போய், உறங்கிக் கிடந்தவை எல்லாம் முளைக்கத் தொடங்கும். நேற்று பத்து கோரை இருந்த பாத்தியில் கொத்திவிட்ட இரண்டு வாரத்தில் அம்பது நிற்பதற்குக் காரணம் இதுதான். கிழங்குகள் பெரும்பாலும் மேல்மண்ணில் இருந்தாலும் ஒரு அடிக்குக் கீழேயும் சில இருக்கும், அங்கிருந்தும் முளைத்து வரும்.

எந்தக் களையைத் தோண்டுவதானாலும் மாதம் பார்த்துத் தோண்டுங்கள். பினாங்கில் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. தைப்பூசத்தை ஒட்டி வரும் அந்த வறண்ட வாரங்களில் எடுத்துப் போட்ட தண்டும் கிழங்கும் வெயிலில் உண்மையிலேயே சாகும். கோரைக்கிழங்குகூட ஈரமே படாமல் ஒரு வாரத்துக்கு மேல் காய்ந்தால் முளைக்காது. செப்டம்பர், அக்டோபர் பெருமழையில் செய்த அதே வேலை வீண். எடுத்ததை உரக்குழியில் போடாதீர்கள். தண்ணீர் நிரப்பிய மூடிபோட்ட வாளியில் பல வாரம் ஊறவைத்து அழுகவிட்டு, அந்தத் தண்ணீரையே செடிக்கு விடலாம். மூடி கட்டாயம் வேண்டும். திறந்த வாளி ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில்.

மூடிவைப்பது: பிளாஸ்டிக்கா, அட்டையா?

லாலாங், கோரை, அருகு மூன்றுமே நிழலைத் தாங்காத செடிகள். நல்ல வெயிலில் வெறித்தனமாக வளரும். வெளிச்சம் போனால் சேமிப்பைத் தின்று தேயும். ரப்பர் மரங்கள் வளர்ந்து நிழல் மூடிய தோட்டத்துக்குள் லாலாங் தானாக மறைந்துபோனதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். நாம் செய்யப்போவதும் அதேதான்.

இதற்கு மூன்று பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று, கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக். ஈரமண்ணின் மேல் இறுக்கமாக விரித்து, வெயிலின் சூட்டை உள்ளே அடைத்து, நான்கு முதல் ஆறு வாரம் மண்ணைச் சுட வைப்பது. வறண்ட, மேகமில்லாத நாடுகளில் இது அருமையான முறை. நம்மிடம் மதியத்தில் மேகம் கூடிவிடும். மேலே இரண்டு மூன்று அங்குலம் சூடேறும், ஆழத்தில் இருக்கும் கிழங்குக்கு அந்தச் சூடு போதாது. விதையிலிருந்து வரும் சில்லறைக் களைகளைக் குறைக்க ஜனவரியில் செய்யலாம். கோரைக்கு இதை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள்.

இரண்டாவது, மிளகாய்த் தோட்டக்காரர்கள் போடும் சில்வர்ஷைன் பிளாஸ்டிக். மேலே வெள்ளி, கீழே கறுப்பு. அருகம்புல்லை நன்றாக அடக்கும், செடிக்கு ஈரமும் நிற்கும். ஆனால் கோரையின் முளைநுனி ஊசி மாதிரி. அந்த மெல்லிய பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். லாலாங்கும் அப்படித்தான். நெய்த கறுப்புப் பாய் இன்னும் கனமாக இருப்பதால் தாக்குப்பிடிக்கும், ஆனால் அருகின் வேர் நெசவுக்குள் ஏறிப் பின்னிவிட்டால் பாயைக் கிழிக்காமல் எடுக்க முடியாது. எந்தப் பிளாஸ்டிக் ஆனாலும் குழியான இடத்தில் மழைநீர் தேங்கும். தேங்கிய நீரில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசுப் புழு கண்டால் வீட்டுக்காரருக்கு அபராதம் போடச் சட்டம் 1975இலிருந்தே இருக்கிறது. அபராதத்தை விடுங்கள், டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடப்பது நம் வீட்டுப் பிள்ளை. பிளாஸ்டிக் போடுவதானால் நடுவில் மேடாக்கி, ஓரங்களுக்குச் சரிவு கொடுத்து, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய்ப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது அட்டை. நான் சொல்வது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வரும் தடித்த பழுப்பு அட்டை. மின்சாதனக் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள், பழைய பேப்பர் லாரிக்காரரிடமும் கிடைக்கும். களையைத் தரையோடு வெட்டுங்கள். லாலாங் என்றால் வெட்டாமல் பலகையால் மிதித்துச் சாய்த்துவிடுங்கள், வெட்டியதைவிடச் சாய்த்தது மெதுவாகத்தான் எழும். அட்டையின் டேப்பையும் கம்பியையும் பிய்த்து எடுத்துவிட்டு, இரண்டு மூன்று அடுக்காக, ஒன்றின் மேல் ஒன்று அரை அடி ஏறும்படி பரப்பி, நன்றாக நனைத்து, மேலே பத்து சென்டிமீட்டர் கனத்துக்குக் காய்ந்த இலை, தென்னை மட்டை, கிடைத்தால் எண்ணெய்ப்பனை வெறுங்குலை (ஆலையில் பழம் எடுத்த பிறகு மிஞ்சும் குலை) போடுங்கள். செபராங் பிறையில் தெற்கே ஆலைகள் இருப்பதால் வெறுங்குலை கிடைக்க வழி உண்டு. மண்ணுக்குச் சாம்பல்சத்தும் சேரும்.

கோரை மெல்லிய பிளாஸ்டிக்கைக் குத்துவதுபோல் ஈரமான தடித்த அட்டையை எளிதில் குத்தாது. முளை அட்டைக்குக் கீழே வளைந்து வளைந்து வெளிறிப் போகும். இடுக்குகளில் சில வரத்தான் செய்யும். அவற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிள்ளிவிட வேண்டும். ஏன் இரண்டு வாரம் என்றால், முளைத்து மூன்று நான்கு வாரத்தில் கோரை புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். அதற்குள் இலையை எடுத்தால் சேமிப்பு குறைந்துகொண்டே வரும், அதற்கு மேல் விட்டால் கூடிவிடும். களைக்கு எதிரான வேலையில் இந்த இரண்டு வாரக் கணக்கைவிட முக்கியமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

அட்டைக்கும் குறைகள் உண்டு. நம் மழையில் சில மாதத்தில் மக்கிவிடும், மேலே இன்னொரு அடுக்கு போட்டே ஆக வேண்டும். நத்தை அடியில் ஒளியும். கரையான் வரும், அதனால் வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளிப் போடுங்கள், பலகை வீடு என்றால் இன்னும் தள்ளி. பூரான், பாம்பு அடியில் இருக்கலாம் என்பதால் தூக்கும்போது வெறுங்கையால் தூக்க வேண்டாம். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தாலும் என் ஓட்டு அட்டைக்குத்தான். கடைசியில் அது மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. பிளாஸ்டிக் கிழிந்து துணுக்காகி மண்ணிலேயே கிடக்கிறது.

செடியை வைத்தே அமுக்குவது

அட்டை வேலையோடு சேர்த்துச் செய்தால் இதுபோல் நிம்மதியான வழி இல்லை. கோரை இருக்கும் நிலத்தில் சர்க்கரைவள்ளிக் கொடியை ஒரு முழத் துண்டுகளாக்கி நெருக்கமாக நடுங்கள். முதல் ஒன்றரை மாதம் களையை நீங்கள்தான் கிள்ள வேண்டும். அதற்குப் பிறகு கொடி பின்னித் தரை தெரியாமல் மூடிவிடும், அடியில் கோரை வெளுத்துச் சுருங்கும். நான்கு மாதத்தில் கிழங்கு, அதுவரை துவட்டலுக்குக் கொழுந்து. களையை அடக்கும் மாதங்களிலும் சமையலறைக்கு ஏதோ வந்துகொண்டே இருக்கும் என்பதுதான் இதன் பெரிய பலம், ஏனென்றால் வெறும் அட்டையைப் பார்த்துக்கொண்டு நாலு மாதம் காத்திருக்கப் பலருக்கும் பொறுமை போதாது.

லாலாங் நிலத்தில் நேராகச் சர்க்கரைவள்ளி நடக்கூடாது. லாலாங்கின் கூர்நுனி கிழங்கையே துளைத்துக்கொண்டு போகும், துளைத்த கிழங்கு அழுகும். அங்கே முதலில் சாய்த்து, அட்டை போட்டு, ஓட்டைகளில் பூசணியோ தட்டைப்பயறோ ஏற்றிவிடலாம். பூசணி இலை பெரியது, வேகமாகப் பரவும். தோட்டங்களில் எண்ணெய்ப்பனைக்கு நடுவே போடும் முக்குனா கொடியைக் கொண்டுவந்து நட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நூறு ஏக்கருக்கு அது நல்ல கொடி. வீட்டுக் கொல்லையில் வேலி, மாமரம், துணி காயும் கம்பி எல்லாவற்றிலும் ஏறிவிடும், அப்புறம் அதுதான் களை.

மருந்து

இதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த மண்ணில் மருந்தடிக்கும் வேலையைச் செய்தவர்கள் நம் அம்மாக்களும் அத்தைகளும். முதுகில் டாங்கியோடு, கையுறை இல்லாமல், வாய்க்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக அடித்தார்கள். நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது என்று அவர்கள் சொன்னதை ஐரின் பெர்னாண்டசின் தெனாகானித்தா என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு 2002இல் அறிக்கையாகவே கொண்டுவந்தது. அதே ஆண்டு அரசு பாரக்குவாட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்ய முடிவெடுத்தது, 2006இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பாரக்குவாட் பட்ட இலையை மட்டும் கருக்கும். அடித்தண்டைத் தொடாது. லாலாங்கும் கோரையும் மறுபடி வரும், மறுபடி அடிக்க வேண்டும். எங்காவது பழைய சரக்கு மிச்சம் இருக்கிறது என்று யாராவது கொடுத்தால் தொடாதீர்கள். ஒரு வாய் உள்ளே போனாலும் உயிர் போகும், முறிமருந்து கிடையாது.

கிளைபோசேட் வேறு வகை. இலை வழியாக உள்ளே போய் உணவோடு சேர்ந்து அடித்தண்டுக்கு இறங்கும். லாலாங்குக்கு இது பலிக்கும் என்பதை மறைக்கத் தேவையில்லை. நன்றாக இலைவிட்டு வளரும் நிலையில் அடித்து, சில மணி நேரம் மழை படாமல் இருந்தால், இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். கோரையில் இலையோடு தொடர்பில் இருக்கும் கிழங்குக்கு மட்டும் போகும். உறங்கும் கிழங்குகள் தப்பித்து அடுத்த மாதம் முளைக்கும். அதாவது எதற்கு மிகவும் தேவையோ அதற்கு அரைகுறை. அகில உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற வகையில், 2ஏ பிரிவில், சேர்த்தது. பல நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் வேறு கருத்துச் சொல்கின்றன, வாதம் இன்னும் நடக்கிறது. விடாமல் அடித்ததால் நம் நாட்டிலேயே சம்பாவ் புல் இந்த மருந்துக்கு அடங்காத வகையாக மாறியது 1997இலேயே தெரியவந்துவிட்டது.

சிறு நிலத்துக்கு நடைமுறைக் காரணமே போதும். இருபது அடி அகல நிலத்தில் காற்று ஒரு பக்கம் திரும்பினால் பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையில் படும். புல்லை விட்டு அகல இலைக் களைகளை மட்டும் கொல்லும் 2,4-டி மருந்தின் சாரல் பட்டாலே தக்காளி, கத்தரி இலை சுருண்டு திருகிப்போகும். அதே மண்ணில் கீரை பறிக்கப் பிள்ளைகளை அனுப்புகிறோம். பாத்திக்கு வெளியே, வேலிக்கு அந்தப்பக்கம் பெரிய லாலாங் காடு இருந்து, அது உங்களுடைய நிலமாகவும் இருந்து, வேறு வழி இல்லையென்றால், தெளிக்காமல் துணியில் நனைத்து இலையில் துடைத்துப் பூசும் பழைய தோட்ட முறை இருக்கிறது. நீண்ட கையுறை போட்டு, லேபிளில் இருக்கும் அளவை மீறாமல் செய்யலாம். அதற்கு மேல் நான் சம்மதிக்க மாட்டேன்.

உப்பு, வினிகர், கொதிநீர் பற்றிச் சுருக்கமாக: சிமெண்டு இடுக்கில் முளைப்பதற்குக் கொதிநீர் நல்லது. வினிகர் இலையை மட்டும் கருக்கும். உப்பு களையோடு மண்ணையும் கெடுக்கும், காய்கறி நிலத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம். லாலாங்கைக் கொளுத்துவதோ அதற்கு உதவி செய்வதுதான். போட்டி போட்ட செடிகள் எல்லாம் எரிந்துபோக, அடித்தண்டு மட்டும் பத்திரமாக இருந்து முதலில் எழும். திறந்தவெளியில் எரிப்பது இங்கே சட்டப்படி குற்றமும்கூட.

உங்கள் நிலத்துக்கு எது?

அருகு மட்டும் என்றால் ஜனவரியில் ஃபோர்க்கால் எடுத்து, காயவைத்து, உடனே பாத்தி போடலாம். பிறகு ஓரத்தில்தான் காவல். வேலியடியில் ஒரு சாண் ஆழத்துக்குச் சிறு வாய்க்கால் வெட்டி, அதைத் தாண்ட முயலும் தண்டை வாரம் ஒருமுறை வெட்டிவிட்டால் உள்ளே வராது. லாலாங் என்றால் எப்போது வேண்டுமானாலும் சாய்த்து மூடலாம், நான்கைந்து மாதம் மூடியே இருக்கட்டும். கோரை என்றால் மண்ணைக் கிளறாமல் அட்டை, மேலே சர்க்கரைவள்ளி, இரண்டு வாரக் கிள்ளல். ஒரு வருடத்தில் நன்றாகக் குறையும். முழுதாகப் போக இன்னும் ஆகலாம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மூன்றும் கலந்து கிடந்தால், கோரைக்கான வழியைப் பின்பற்றுங்கள், லாலாங் இருப்பதால் சர்க்கரைவள்ளிக்குப் பதில் பூசணியோ தட்டைப்பயறோ ஏற்றுங்கள். மற்ற இரண்டும் அதிலேயே அடங்கும்.

முதுகுவலி, முட்டிவலி உள்ள பெரியவர்கள் தரையை முழுக்க அட்டையால் மூடிவிட்டு, மேலே பெரிய பைகளில் மிளகாயும் கத்தரியும் வைத்துக்கொள்ளலாம். பைக்கு அடியில் ஓட்டை வழியாகக் கோரை ஏறும் என்பதால் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். லாரியில் வரும் மேல்மண்ணை வாங்கும் முன் ஒரு வாளி வாங்கி வந்து, நனைத்து, மூன்று வாரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். கோரை முளைத்தால் அந்த மண் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

இப்போதே ஏதாவது நட்டாக வேண்டும் என்கிறவர்கள் அட்டை போட்ட அன்றே நடலாம். விதை போடாமல், பையில் ஒரு சாண் வளர்ந்த கத்தரி, மிளகாய், வெண்டை நாற்றாக எடுத்துக்கொண்டு, அட்டையில் கையளவு ஓட்டை வெட்டி, ஒரு பிடி மக்கிய கோழி எரு போட்டு நட்டு, தண்டைச் சுற்றி இலைச்சருகை மட்டும் கொஞ்சம் விலக்கி வையுங்கள். களை அந்த ஓட்டை வழியாகத்தான் எட்டிப் பார்க்கும். பார்க்க வேண்டிய இடமும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.